தாயக்கட்டையில் இருந்து சமவாய்ப்பு மாறி வரை: நிகழ்தகவு புதிதாகப் படிப்பவர்களுக்கு

பி.காம்., பி.சி.ஏ., சைக்காலஜி என்று எதை எடுத்தாலும் ஏதோ ஒரு செமஸ்டரில் புள்ளியியல் வந்து நிற்கும். சராசரி, இடைநிலை, முகடு வரைக்கும் வண்டி ஓடிவிடும். நிகழ்தகவு வந்ததும் பாதி வகுப்பு திணற ஆரம்பிக்கும். திணறுகிறவர்களின் நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: கேள்வியை எழுதிய அடுத்த வரியிலேயே சூத்திரம். கூட்டல் விதியா, பெருக்கல் விதியா, பேயஸ் தேற்றமா என்று குருட்டாம்போக்கில் ஒன்றைப் பிடித்து எண்களை அதில் போட்டிருப்பார்கள்.

இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை என் கட்சி ஒன்றுதான். முதலில் பட்டியல், அப்புறம்தான் சூத்திரம். என்ன நடக்கிறது, எத்தனை விதமாக நடக்கலாம் என்று தாளில் எழுதிவிட்டால் பாதிக் கணக்குகளில் சூத்திரமே வேண்டியிருக்காது. மீதிப் பாதியில் எந்தச் சூத்திரம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

தேவையானவை: ஒரு நோட்டு, பென்சில், போனில் உள்ள கால்குலேட்டர், ஒரு ஜோடி தாயக்கட்டை. கொங்குப் பக்கத்து வீடுகளில் பரணைத் துழாவினால் பித்தளைக் கட்டை கிடைக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டால் திருவிழாக் கடைகளில் வாங்கலாம். பாடப்புத்தகங்கள் ஆறு பக்கப் பகடையையும் நாணயத்தையும் வைத்தே சொல்லிக்கொடுக்கும். தாயக்கட்டை அதைவிட நல்ல வாத்தியார். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் படி: நடக்கக்கூடியதை எல்லாம் எழுதுங்கள்

தாயக்கட்டை நீளமானது, நான்கு பக்கம் கொண்டது. ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, மீதி ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டிப் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். கூட்டினால் ஒன்று வந்தால் அது தாயம். அது விழுந்தால்தான் காயைக் கட்டத்தில் இறக்க முடியும். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பூச்சியம் இல்லை, பன்னிரண்டு. 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். இங்கே இதையே வைத்துக்கொள்வோம்.

ஒரு தடவை உருட்டுவதைச் சமவாய்ப்புச் சோதனை என்கிறோம். என்னென்ன விளைவுகள் வரலாம் என்பது முன்கூட்டியே தெரியும். இந்தத் தடவை எது வரும் என்பது மட்டும் தெரியாது. அந்த விளைவுகளின் முழுப் பட்டியல்தான் கூறுவெளி.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு கட்டையின் முனையில் நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வையுங்கள். பொட்டு வைத்த கட்டையின் எண்ணை முதலிலும் மற்றதை அடுத்தும் எழுதுங்கள்.

(0,0) (0,1) (0,2) (0,3)
(1,0) (1,1) (1,2) (1,3)
(2,0) (2,1) (2,2) (2,3)
(3,0) (3,1) (3,2) (3,3)

மொத்தம் 16. கட்டை நான்கு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் இந்தப் பதினாறும் சம வாய்ப்புள்ளவை, ஒவ்வொன்றுக்கும் 1/16.

பொட்டு எதற்கு என்றால், (0,1) வேறு, (1,0) வேறு என்று கண்ணுக்குத் தெரிவதற்குத்தான். பொட்டு இல்லாமல் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், பட்டியல் பத்தாகச் சுருங்கிவிடும், அந்தப் பத்தும் சம வாய்ப்புள்ளவை என்று நினைத்துவிடுவோம். இதில் சறுக்குவது மாணவர்கள் மட்டுமில்லை. பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் நிகழ்தகவு 2/3 என்று 1754-ல் எழுதினார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, ஆகவே தலை, பூ-தலை, பூ-பூ என்று மூன்றே விளைவுகள் என்பது அவர் வாதம். நான்காக எழுதிப் பாருங்கள், சரியான விடை 3/4.

இதன் இன்னொரு வடிவம்: தாயத்தில் விழக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு எண்கள், ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/7. இது தவறு. மூன்று விழ நான்கு வழி: (0,3), (1,2), (2,1), (3,0). பன்னிரண்டுக்கு ஒரே வழி. எத்தனை விதமான விடை என்பது ஒன்று, ஒவ்வொரு விடைக்கும் எத்தனை வழி என்பது வேறு.

இரண்டாம் படி: கேட்டதைப் பட்டியலில் வட்டமிடுங்கள்

நிகழ்ச்சி என்றால் கூறுவெளியின் ஒரு பகுதி, அவ்வளவுதான். ‘தாயம்’ என்ற நிகழ்ச்சிக்கு (0,1), (1,0) இரண்டையும் வட்டமிடுங்கள். 2/16, அதாவது 1/8. ‘மறுபடி உருட்டலாம்’ என்ற நிகழ்ச்சிக்குத் தாயத்தில் 2, ஐந்தில் 2, ஆறில் 1, பன்னிரண்டில் 1, ஆக 6. நிகழ்தகவு 6/16 = 0.375. மறுபடி உருட்ட முடியாது என்பதற்கு 1 − 0.375 = 0.625.

கடைசியில் செய்தது நிரப்பு நிகழ்ச்சி. ‘குறைந்தது ஒன்று’ என்று கேள்வியில் வந்தால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். ஒன்றுகூட இல்லாததைக் கணக்கிட்டு 1-ல் இருந்து கழித்துவிடுங்கள்.

கூட்டல் விதிக்கு ஒரு கணக்கு. ஒரு கட்டையிலாவது வெறும் பக்கம் விழும் நிகழ்தகவு என்ன? பொட்டுக் கட்டையில் வெறுமை 4 இடங்கள், மற்றதில் வெறுமை 4 இடங்கள். கூட்டினால் 8. ஆனால் பட்டியலில் எண்ணினால் 7 தான் இருக்கிறது, ஏனென்றால் (0,0)-வை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். அதை ஒருமுறை கழிக்க 7/16. இதுதான் புத்தகத்தில் உள்ள விதி: முதல் நிகழ்ச்சி, கூட்டல் இரண்டாவது, கழித்தல் இரண்டும் சேர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவே முடியாதென்றால் கழிக்க ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்டவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்.

இதற்கெல்லாம் அடித்தளம் மூன்றே விதிகள். நிகழ்தகவு எதிர்க்குறி எண்ணாக இருக்காது. கூறுவெளி முழுவதற்கும் 1. ஒன்றையொன்று விலக்குபவற்றுக்குக் கூட்டிக்கொள்ளலாம். ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மோகரோவ் 1933-ல் இப்படி வகுத்துக் கொடுத்தார். விடை 1.2 என்றோ −0.3 என்றோ வந்தால் அங்கேயே நின்று பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். மேலே எங்கோ கோளாறு.

கட்டை தேய்ந்திருந்தால்?

பல தலைமுறை உருட்டிய கட்டையில் விளிம்பு மழுங்கியிருக்கும். அப்போது 1/16 என்பது நம்பிக்கை மட்டுமே. உருட்டிப் பார்த்து எண்ணுவதுதான் வழி: தாயம் விழுந்த தடவைகளை மொத்தத் தடவைகளால் வகுப்பது. பத்து இருபது தடவை போதாது, எண்ணிக்கை கூடக் கூட விகிதம் ஓரிடத்தில் நிலைகொள்ளும். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த ஜான் கெர்ரிச் என்ற கணிதவியலாளர், வேறு வேலை இல்லாததால், நாணயத்தை 10,000 தடவை சுண்டிக் குறித்து வைத்தார். தலை விழுந்தது 5,067 தடவை. விகிதம் 0.5067, பாதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் சரிபாதியான 5,000-ஐவிட 67 அதிகம். விகிதம்தான் நெருங்குமே தவிர, எண்ணிக்கை சரிக்குச் சரி ஆகிவிடாது. இதைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

மூன்றாம் படி: தகவல் கிடைத்தால் பட்டியலைச் சுருக்குங்கள்

நீங்கள் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் எதிராளி உருட்டிவிட்டார். ‘எனக்கு இன்னொருக்கா உருட்டற வாய்ப்பு விழுந்திருக்குது’ என்கிறார். அது தாயமாக இருக்கும் நிகழ்தகவு என்ன? இப்போது 16 விளைவுகளும் வேண்டாம், அந்த 6 போதும். அதில் தாயம் 2. ஆக 2/6 = 1/3. நிபந்தனை நிகழ்தகவு என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருக்கும் வேலை இவ்வளவுதான். தெரிந்த தகவலுக்குப் பொருந்தாத விளைவுகளை அடித்துவிட்டு மீதியில் எண்ணுவது.

இது பிழைப்புக்கு உதவும் இடம் திருப்பூரில் இருக்கிறது. ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. தைத்து வரும் 1,000 பீஸில் 50 டேமேஜ். டேமேஜ் பீஸ் கையில் வந்தால் செக்கிங் அக்கா 90 சதவீதம் பிடித்துவிடுவார். நல்ல பீஸையும் அவசரத்தில் 4 சதவீதம் ஒதுக்கிவிடுவார். ஒதுக்கிய குவியலைப் பார்த்து முதலாளி கேட்கிறார்: “ஏனுங்க அம்மணி, இதெல்லாம் நெசமாவே டேமேஜ்தானுங்களா?”

சதவீதத்தோடு மல்லுக்கட்டாமல் பீஸாகவே எண்ணுங்கள். டேமேஜ் 50-ல் பிடிபட்டது 45. நல்ல பீஸ் 950-ல் தவறாக ஒதுக்கப்பட்டது 38. குவியலில் மொத்தம் 83, அதில் நிஜ டேமேஜ் 45. 45/83, சுமார் 54 சதவீதம். 90 சதவீதம் பிடிக்கும் ஆள் ஒதுக்கிய குவியலில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் டேமேஜ்! அந்த அக்கா மேல் குற்றமில்லை. நல்ல பீஸ் ஏராளமாக இருப்பதால் அதில் நூற்றுக்கு நாலு என்பதே பெரிய எண்ணாகிவிடுகிறது.

இப்போது நீங்கள் செய்தது பேயஸ் தேற்றம். தாமஸ் பேயஸ் இறந்தபின் 1763-ல் வெளியான கட்டுரையில் இருந்து கிளைத்தது. தேர்வில் சூத்திரத்தோடு எழுதச் சொல்வார்கள், எழுதுங்கள். ஆனால் ரஃப் பக்கத்தில் 1,000 பீஸ் வைத்து ஒருமுறை எண்ணி விடையைச் சரிபார்த்துவிடுங்கள். ‘டேமேஜ் என்றால் பிடிபடும் நிகழ்தகவு’ வேறு, ‘பிடிபட்டது டேமேஜாக இருக்கும் நிகழ்தகவு’ வேறு. இரண்டையும் தலைகீழாக வைத்துக் குழப்பிக்கொள்வதுதான் இந்தப் பாடத்திலேயே அதிக மதிப்பெண் போகும் இடம். மருத்துவப் பரிசோதனை முடிவைப் படிக்கும்போதும் இதே குழப்பம் வரும்.

நான்காம் படி: பெருக்குவதற்கு முன் ஒரு நிமிடம்

ஒன்று நடந்தது என்ற தகவல் மற்றதன் நிகழ்தகவை மாற்றாவிட்டால் இரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகள். அப்போது மட்டும்தான் நேரடியாகப் பெருக்கலாம். அடுத்தடுத்து மூன்று தடவையும் மறுபடி உருட்டும் வாய்ப்பு விழ 0.375 × 0.375 × 0.375, சுமார் 0.053.

எட்டு தடவை உருட்டியும் தாயம் விழாமல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். திண்ணையில் இருக்கும் அம்மிச்சி, “இந்தவாட்டி விழுந்தே தீரோணும் சாமி” என்பார். “அது கட்டைக்குத் தெரியுமுங்களா அம்மிச்சி?” என்று பேரன் திருப்பிக் கேட்டால் அவன் சார்பின்மையைப் புரிந்துகொண்டான் என்று அர்த்தம். ஒன்பதாவது தடவையும் அதே 1/8 தான். எட்டு தடவையும் தாயம் விழாமல் போகும் நிகழ்தகவு 7/8-ஐ எட்டு முறை பெருக்கினால் வரும், சுமார் 0.34. அதாவது மூன்றில் ஒருவருக்கு இப்படித்தான் ஆகும். ராசி கெட்டுப்போச்சு என்று இடம் மாறி உட்கார வேண்டியதில்லை.

ஒன்றையொன்று விலக்குவதும் சார்பில்லாமல் இருப்பதும் ஒன்றே என்று எழுதுகிறவர்கள் நிறைய. நேர் மாறானது அது. ஒரே உருட்டலில் தாயம் விழுந்தால் பன்னிரண்டு விழ வாய்ப்பே இல்லை. ஒன்றைப் பற்றிய தகவல் மற்றதை முழுசாக முடித்துவைக்கிறது. இதைவிட அதிகமாக ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்க முடியாது.

ஐந்தாம் படி: ஒவ்வொரு விளைவுக்கும் ஓர் எண்

இப்போது சமவாய்ப்பு மாறிக்கு வரலாம். ஆங்கில வழியில் படிப்பவர்கள் ரேண்டம் வேரியபிள் என்பார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ கண்டபடி மாறிக்கொண்டே இருக்கும் எண் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு விதி. கூறுவெளியில் உள்ள ஒவ்வொரு விளைவுக்கும் ஓர் எண்ணை ஒட்டும் விதி. சமவாய்ப்பெல்லாம் கட்டை உருள்வதில்தான் இருக்கிறது, விதியில் ஒரு துளியும் இல்லை. (2,3) விழுந்தால் 5. எப்போது விழுந்தாலும் 5.

தாயக்கட்டையை நல்ல வாத்தியார் என்றது இதனால்தான். ஆறு பக்கப் பகடையில் பகடை காட்டும் எண்ணும் மாறி தரும் எண்ணும் ஒன்றாகவே இருப்பதால், விதி என்று ஒன்று நடுவில் இருப்பதே கண்ணில் படாது. தாயத்தில் (0,0) விழுந்தால் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு கட்டையில் எங்கும் இல்லை. ஆடுகிறவர்கள் வைத்த விதியில் இருந்து வந்தது.

புத்தகத்தில் பெரிய எக்ஸ், சின்ன எக்ஸ் என்று இரண்டு எழுதுவார்கள். பெரிய எக்ஸ் என்பது அந்த விதி, அதாவது மாறி. சின்ன எக்ஸ் என்பது அது எடுக்கக்கூடிய ஒரு மதிப்பு. கையெழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் திருத்துபவருக்கும் புரியாது, உங்களுக்கும் அடுத்த வரியில் புரியாது. பெரியதைப் பெரியதாகவே எழுதுங்கள்.

பதினாறையும் எண்வாரியாகத் திரட்டினால்:

1 : 2/16
2 : 3/16
3 : 4/16
4 : 3/16
5 : 2/16
6 : 1/16
12 : 1/16

கூட்டினால் 16/16. இது நிகழ்தகவு நிறைச் சார்பு. பட்டியல் போட்டதும் கூட்டிப் பார்த்து 1 வருகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மேலிருந்து கீழே சேர்த்துக்கொண்டே போனால் குவிவுப் பரவல் சார்பு. 4 அல்லது அதற்குக் கீழ் விழ 12/16. 6 அல்லது அதற்குக் கீழ் 15/16. எட்டு என்றொரு எண் தாயத்தில் விழவே விழாது, ஆனாலும் ‘எட்டு அல்லது அதற்குக் கீழ்’ என்று கேட்டால் விடை 15/16. பன்னிரண்டில் ஒரே தாவாகத் தாவி 1 ஆகும். இடைப்பட்ட எண்ணுக்குப் பூச்சியம் என்று எழுதிவிடுவது அடிக்கடி பார்க்கும் பிழை.

ஆறாம் படி: எதிர்பார்ப்பும் பரவற்படியும்

ஒவ்வொரு எண்ணையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் கணித எதிர்பார்ப்பு.

(1×2 + 2×3 + 3×4 + 4×3 + 5×2 + 6×1 + 12×1) / 16 = 60/16 = 3.75

3.75 எந்த உருட்டலிலும் விழாது. ‘எதிர்பார்ப்பு’ என்றதும் அடுத்து விழப்போவது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். நூற்றுக்கணக்கான உருட்டல்களின் சராசரி அதன் பக்கத்தில் வந்து நிற்கும், அவ்வளவே.

எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று அளப்பது பரவற்படி. அதற்கு ஒவ்வொரு எண்ணின் வர்க்கத்தையும் அதேபோல் பெருக்கிக் கூட்டுங்கள். (2 + 12 + 36 + 48 + 50 + 36 + 144)/16 = 328/16 = 20.5. அதிலிருந்து 3.75-ன் வர்க்கமான 14.0625-ஐக் கழித்தால் 6.4375. வர்க்கமூலம் எடுத்தால் திட்டவிலக்கம் சுமார் 2.54.

இப்போது விதியை மாற்றிப் பாருங்கள். (0,0) விழுந்தால் பன்னிரண்டு கிடையாது, பூச்சியம்தான் என்று வைப்போம். கட்டை அதே கட்டை, கூறுவெளி அதே பதினாறு. எதிர்பார்ப்பு 48/16 = 3 ஆகிவிடும். பரவற்படி 184/16 − 9 = 2.5. பதினாறில் ஒரே ஒரு விளைவுக்கு ஒட்டிய எண்ணை மாற்றினோம், சராசரி 0.75 நகர்ந்தது, பரவற்படியோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பரவற்படி தூரத்தை வர்க்கப்படுத்துவதால் ஓரத்தில் தனித்து நிற்கும் எண் அதை ஒரே இழுப்பாக இழுத்துவிடும். சராசரியை மட்டும் பார்த்து ஓர் ஆட்டத்தையோ முதலீட்டையோ எடைபோடக் கூடாது என்பதற்கு இது போதும்.

எதிர்பார்ப்பைக் காசில் பார்க்க லாட்டரி சுலபம். தமிழ்நாட்டில் 2003-ல் தடை செய்துவிட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வாளையாரைத் தாண்டினால் கேரள லாட்டரிக் கடை. கற்பனையாக ஒரு சீட்டு: விலை 50 ரூபாய், மொத்தம் 1,00,000 சீட்டு, 10 லட்சம் ரூபாய் பரிசு ஒன்று, 5,000 ரூபாய் பரிசு நூறு. பரிசுத் தொகை மொத்தம் 15 லட்சம், அதை ஒரு லட்சம் சீட்டால் வகுத்தால் சீட்டுக்கு 15 ரூபாய். சீட்டு ஒன்றுக்கு 35 ரூபாய் நட்டம் என்பதுதான் எதிர்பார்ப்பு. நிஜச் சீட்டின் பின்புறத்தில் இருக்கும் எண்களை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு குறுக்கு வழியும் உண்டு. பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர் ஒருவர் நாளைக்குச் சராசரியாக 400 பீஸ் முடிக்கிறார், திட்டவிலக்கம் 25. பீஸுக்கு 2 ரூபாய், பஸ்ஸுக்கும் டீக்கும் தினம் 30 ரூபாய் செலவு. கையில் நிற்கும் தொகையின் எதிர்பார்ப்பு 2×400 − 30 = 770. திட்டவிலக்கம் 2×25 = 50; அந்த 30 ரூபாய் அதைத் தொடாது, ஏனென்றால் எல்லா நாளையும் ஒரே அளவு கீழே இறக்குகிறதே தவிர ஏற்ற இறக்கத்தை மாற்றவில்லை. பரவற்படி மட்டும் 2-ன் வர்க்கமான 4 மடங்காகும், 625 இருந்தது 2,500.

ஏழாம் படி: ஈருறுப்புப் பரவல், நாமக்கல் முட்டையோடு

முட்டை டிரே ஒன்றில் 30 முட்டை. ஒவ்வொன்றும் உடைந்திருக்கும் நிகழ்தகவு 0.02 என்று வைத்துக்கொள்வோம். உடைந்தவற்றின் எண்ணிக்கைதான் நம் மாறி. முயற்சிகளின் எண்ணிக்கை நிலையானது, ஒவ்வொன்றிலும் இரண்டே முடிவு, நிகழ்தகவு மாறாதது, ஒன்றையொன்று பாதிக்காதது என்ற நான்கும் சரியாக இருந்தால் ஈருறுப்புப் பரவல்.

ஒன்றுகூட உடையாமலிருக்க 0.98-ஐ முப்பது முறை பெருக்க வேண்டும்: சுமார் 0.5455. ஒன்றே ஒன்று உடைய 30 × 0.02 × 0.98-ன் 29-ஆம் அடுக்கு: சுமார் 0.3340. அந்த 30 ஏன்? உடைந்தது எந்த முட்டை என்பதற்கு முப்பது வழி. இரண்டோ அதற்கு மேலோ உடைய, 1 − 0.5455 − 0.3340 = 0.1205. சராசரி 30 × 0.02 = 0.6, பரவற்படி 0.6 × 0.98 = 0.588.

சரி, கணக்கு முடிந்தது. நிஜத்தில் பொருந்துமா? நாமக்கல்லில் ஏற்றிய லாரியின் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஒரு முட்டை மட்டும் உடையாது. பக்கத்தில் இருப்பதும் அடியில் இருப்பதும் சேர்ந்தே உடையும். ஒன்று உடைந்திருப்பதைப் பார்த்தால் அடுத்ததும் உடைந்திருக்குமோ என்ற சந்தேகம் கூடுகிறது அல்லவா, அங்கேயே சார்பின்மை போய்விட்டது. அப்படியானால் சூத்திரம் சொல்வதைவிட முழுசாக நல்ல டிரேக்களும் அதிகம் இருக்கும், மோசமாக நொறுங்கிய டிரேக்களும் அதிகம் இருக்கும். சராசரி அதே 0.6 ஆக இருந்தாலும் பரவற்படி 0.588-ஐத் தாண்டிவிடும். நான்கு நிபந்தனைகளில் முதல் மூன்றைச் சரிபார்ப்பது சுலபம் என்பதால் நான்காவதைப் பலர் கண்டுகொள்வதில்லை. தேர்வுத்தாளில் ‘சார்பில்லாமல்’ என்று எழுதியே கொடுத்துவிடுவார்கள். வேலைக்குப் போனபின் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

முயற்சிகள் ஏராளம், ஒவ்வொன்றிலும் வாய்ப்பு மிகக் குறைவு என்றால் பாய்சான் பரவல் கைகொடுக்கும். சோமனூர் விசைத்தறியில் பாவு நூல் மணிக்குச் சராசரி 2 தடவை அறுகிறது என்று வைத்தால், ஒரு மணி நேரம் அறாமலே ஓடும் நிகழ்தகவு சுமார் 0.135. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

எட்டாம் படி: எண்ண முடியாதபோது

முட்டையை எண்ணலாம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பல்லடம், உடுமலைப் பக்கம் வந்து காற்றாலைகளைச் சுற்றும் காற்றின் வேகத்தை எண்ண முடியாது, அளக்கத்தான் முடியும். எண்ணக்கூடியது தனிநிலை மாறி, அளக்கக்கூடியது தொடர் மாறி.

காந்திபுரத்தில் இருந்து சரியாக 15 நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ் என்று வைப்போம் (சிரிக்க வேண்டாம், கணக்குதான்). நேரம் பார்க்காமல் போய் நிற்கிறீர்கள். காத்திருக்கும் நேரம் 0 முதல் 15 வரை எங்கும் சமமாகப் பரவியிருக்கும். 5 நிமிடத்துக்குள் பஸ் வர 5/15 = 1/3. துல்லியமாக 5 நிமிடத்தில், ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குகூடப் பிசகாமல் வர? பூச்சியம். தொடர் மாறியில் ஒற்றைப் புள்ளிக்கு நிகழ்தகவு கிடையாது, இடைவெளிக்குத்தான் உண்டு. அதனால்தான் இங்கே நிறைச் சார்புக்குப் பதில் அடர்த்திச் சார்பு. கோட்டுக்குக் கீழ் உள்ள பரப்புதான் நிகழ்தகவு. கோட்டின் உயரம் நிகழ்தகவு இல்லை, அது 1-ஐத் தாண்டினாலும் தப்பில்லை.

சராசரியைச் சுற்றி மணி வடிவில் குவியும் இயல்நிலைப் பரவலும் இதே கதைதான், பரப்பை மட்டும் அட்டவணையில் பார்க்க வேண்டும். ஈரோட்டில் மஞ்சள்தூள் பாக்கெட் போடும் மெஷின் சராசரி 505 கிராம், திட்டவிலக்கம் 3 கிராம் என நிரப்புகிறது. பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது 500 கிராம். எடை குறைவான பாக்கெட் எத்தனை சதவீதம்? 500 என்பது சராசரியில் இருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறது என்று பாருங்கள்: (500 − 505)/3 = −1.67. மணி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் குறியை விட்டுவிடலாம். அட்டவணையில் 0 முதல் 1.67 வரை பரப்பு 0.4525. நமக்கு வேண்டியது இடப்பக்க வால், 0.5 − 0.4525 = 0.0475. நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு. அட்டவணை சில புத்தகங்களில் நடுவில் இருந்து பரப்பைத் தரும், சிலவற்றில் இடக்கோடியில் இருந்து தரும். மணி வடிவப் படம் ஒன்று வரைந்து, வேண்டிய பகுதியை நிழலிட்டுவிட்டு அப்புறம் அட்டவணையைத் திறங்கள்.

கைப்பழக்கத்துக்கு மூன்று கணக்கு

ஒன்று: இரண்டு தடவை உருட்டினால் குறைந்தது ஒரு தாயம் விழும் நிகழ்தகவு.
இரண்டு: கூட்டுவதற்குப் பதில் இரண்டு கட்டையில் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும் விதி. (2,3) விழுந்தால் 3. (1,1) விழுந்தால் 1. இதன் நிகழ்தகவுப் பட்டியலும் எதிர்பார்ப்பும்.
மூன்று: முட்டை டிரே இரண்டு வாங்கினால் இரண்டுமே முழுசாக நல்லதாக இருக்கும் நிகழ்தகவு.

விடைகள். முதலாவது 1 − 49/64 = 15/64. இரண்டாவதில் 0-க்கு 1/16, 1-க்கு 3/16, 2-க்கு 5/16, 3-க்கு 7/16; எதிர்பார்ப்பு 34/16 = 2.125. மூன்றாவது 0.5455-ன் வர்க்கம், சுமார் 0.298. இரண்டு டிரேயும் ஒரே லாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்திருந்தால் இந்த மூன்றாவது விடையை எழுதுவதற்கு முன் ஏழாம் படியை இன்னொருமுறை பார்த்துவிடுங்கள்.